ரிப்போர்ட்டை மீட்டிங்கில் வைத்து முதன்முதலாகத் திறக்காதீர்கள்

போன வாரம் எங்களிடம் பள்ளி உளவியலாளர் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், ஒரு குழந்தையைப் பரிசோதித்து எழுதிய தன் முதல் ரிப்போர்ட்டைக் காட்டினாள். உழைத்து எழுதியிருந்தாள். படித்து முடித்துவிட்டு, "குழந்தையோட அம்மா அப்பாகிட்ட பேசிட்டியா?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை மீட்டிங்ல எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடலாம்னு இருக்கேன் மேடம்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், அதனால் ஒரு பையனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வீணாகப் போனது.

பள்ளி உளவியலாளராக வருகிறவர்களுக்கு நேரத்துக்குப் போங்கள், ஃபைலைப் பூட்டி வையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. நன்றாகப் படித்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

கண்ணையும் காதையும் பார்க்காமல் மனதுக்குப் போவது

இந்தத் துறை தொடங்கிய கதையிலேயே இது இருக்கிறது. 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளரிடம் ஓர் ஆசிரியை, எழுத்துக்கூட்டத் தடுமாறிய மாணவன் ஒருவனை அழைத்து வந்தார். பார்த்தால் அவனுக்குப் பார்வைக் கோளாறும் இருந்தது. கண்ணாடி போட்டு, அப்புறம்தான் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். டெஸ்ட் பெட்டியைத் திறக்கும் முன் கண், காது இரண்டு பரிசோதனையும் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டுப் பெயர் வைப்பது

வகுப்பில் உட்காராத குழந்தைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) கிடையாது. அறிகுறிகள் குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதமாவது தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் பலவும் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீட்டில் கேட்காமல் இது எப்படித் தெரியும்?

பெற்றோருக்குக் கடைசியில் சொல்வது

எட்டு வயதுப் பையன். வாசிப்பில் ரொம்பப் பின்தங்கியிருந்தான். இரண்டு நாள் டெஸ்ட் எடுத்தேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்தேன், டீச்சரிடம் மணிக்கணக்கில் பேசினேன். வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் மட்டும் கொடுத்தனுப்பினேன். மீட்டிங் அன்று மேசைக்கு இந்தப் பக்கம் தலைமையாசிரியர், வகுப்பு டீச்சர், சிறப்பு ஆசிரியர், நான். அந்தப் பக்கம் அவனுடைய அம்மா மட்டும். அவர் மடியில் ஒரு நோட்டு விரித்திருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் 1, 2, 3 என்று நம்பர் போட்டு எழுதி வந்திருந்தார். நான் ரிப்போர்ட்டைப் படிக்கத் தொடங்கினேன். "வாசிப்பில் 9-ஆவது பெர்சென்டைல்" என்றேன். அவர் பேனாவை மூடினார். "நூத்துக்கு ஒன்பதா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் நோட்டையும் மூடிவிட்டார்.

நூற்றுக்கு ஒன்பது மார்க் இல்லை அது. அவன் வயதுக் குழந்தைகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், சுமார் ஒன்பது பேருக்குச் சமமாகவோ மேலாகவோ படிக்கிறான் என்று அர்த்தம். இதை நான் விளக்கத்தான் செய்தேன், ஆனால் நாலு பேர் முன்னால் தன் பிள்ளையைப் பற்றி அப்படி ஒன்றைக் கேட்ட பிறகு எந்த அம்மாவுக்கு அடுத்த வார்த்தை காதில் ஏறும்? சிறப்பு வகுப்புக்குச் சம்மதம் தராமலே எழுந்து போனார். அடுத்த பதினோரு மாதம் பையன் அதே பெஞ்சில், அதே பாடத்தோடு மல்லுக்கட்டினான்.

வேறொரு டீச்சர் விடாமல் பேசிப் பேசித்தான் அவர் மறுபடி வந்தார். அதே நோட்டு. முதல் கேள்வியை இந்த முறை படித்துக் காட்டினார்: "அக்கா ஒரு தடவை படிச்சா அப்படியே ஒப்பிக்கிறான், புதுப் பக்கத்தைக் கொடுத்தா ஒரு வரி படிக்க மாட்டேங்கிறான், ஏன்?" காதால் கேட்டதைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன், எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் சிக்கல் என்பது அந்த ஒரு வரியிலேயே இருந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதிய ரிப்போர்ட்டில் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது.

மீட்டிங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெற்றோரைத் தனியாகப் பாருங்கள். முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். எண்களைப் பேப்பரில் கோடு போட்டுக் காட்டுங்கள்: ஐ.க்யூ. டெஸ்டுகளில் பொதுவாகச் சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் வருவார்கள். அழுகை வந்தால் அங்கே அழட்டும், கோபம் வந்தால் உங்கள் ஒருவரிடம் கோபப்படட்டும். "வீட்ல அவன் அப்படி இல்லையே" என்றால் வாதாடாதீர்கள், என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டு ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டிங் அன்று அந்த அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பள்ளி கேட்கும். எனக்கு மிச்சமானது முக்கால் மணி நேரம், அவனுக்குப் போனது பதினோரு மாதம்.

இருபது பரிந்துரைகள்

ரிப்போர்ட்டில் மூன்று போதும். எதை யார் செய்வார் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"

குழந்தைக்கு இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். அதன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், அதை முதல் நாளே அதற்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.

அடுத்த தேதி

மறுபடி எப்போது சந்திப்பது என்று, மீட்டிங்கில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.