ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் துடிப்பான ஹவுஸ் டிராக்கை இணைக்கும் முறை

1970களின் இறுதியில் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்த இரவுகளோடு சேர்த்துப் பேசப்படும் ஹவுஸ் இசை, ஆடுபவர்களை நிறுத்தாமல் ஆட வைப்பதற்காகவே வளர்ந்தது. அதனால்தான் டிஜேக்களுக்காக வெளியிடப்படும் நீண்ட மிக்ஸ்களில் (பாடலின் நீட்டிய வடிவங்களில்) பெரும்பாலும் தொடக்கமும் முடிவும் வெறும் டிரம்மாக இருக்கின்றன. ஒரு பாடலை இன்னொன்றோடு இணைக்க நமக்கு விடப்பட்ட இடம் அது.

இப்போது உங்கள் செட்டில், அதாவது நீங்கள் இடைவிடாமல் இசைக்கும் பாடல் வரிசையில், 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 தாள அடிகள்) வேகத்தில் ஓர் அமைதியான டிராக் ஓடுகிறது, அடுத்து வரவேண்டியது 126 பிபிஎம் கொண்ட துடிப்பான டிராக் என்று வைத்துக்கொள்வோம். முதலில் புதிய டிராக்கை ஹெட்போனில் கேட்டு, கிக் டிரம்மை, அதாவது ஒவ்வோர் அடியிலும் விழும் கனத்த ‘தும்’ ஒலியை, எண்ணிப் பாருங்கள். நான்கு அடிகள் சேர்ந்தால் ஒரு பார். எட்டு பார்கள், அதாவது 32 அடிகள், சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு சொற்றொடர் முடிந்து புதிதாக ஒரு கருவியோ குரலோ நுழையும். அந்த 32ஐ விரலில் எண்ணிப் பழகாதவர் வேறு எதையும் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது வேகம். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் காக்கும் கீ லாக்கை இயக்கிவிட்டு, ஓடும் டிராக்கை இரண்டு மூன்று நிமிடங்களில் சிறிது சிறிதாக 124க்கு உயர்த்துங்கள். புதியதை 124க்கு இறக்கி வையுங்கள். இரண்டுமே இரண்டு சதவீதத்துக்கும் குறைவான மாற்றம் என்பதால் ஆடுபவர்கள் உணர மாட்டார்கள். சிங்க் பட்டன் வேகத்தைச் சேர்த்துவிடும் என்றாலும், சொற்றொடர் எங்கே தொடங்குகிறது என்ற முடிவை உங்கள் காதுதான் எடுக்க வேண்டும்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, ஓடும் டிராக்கில் ஒரு சொற்றொடர் தொடங்கும் முதல் அடியில் புதியதை ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி ஓடவிடுங்கள். இரண்டு கிக்குகளும் ஒன்றாக விழாமல் குதிரைக் குளம்பொலி போல இரட்டித்துக் கேட்டால், புதியது பிந்துகிறதா முந்துகிறதா என்று பார்த்து, அதன் ஜாக் வீலை (டிஜே கருவியில் கையால் சுழற்றும் வட்டை) லேசாகத் தள்ளுங்கள் அல்லது பிடியுங்கள். இரண்டின் கெய்ன் (உள்ளே வரும் ஒலியின்) அளவும் மீட்டரில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும்.

புதிய டிராக்கின் பேஸ் குமிழை (தாழ்ந்த ஒலிகளுக்கான குமிழை) முழுவதும் குறைத்த பிறகுதான், அதன் ஒலியை அரங்குக்குத் திறக்கும் ஃபேடரை ஏற்ற வேண்டும். நான் கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு வீட்டு விருந்தில் இரண்டு பேஸையும் திறந்தபடி ஃபேடரை ஏற்றி, கிக் எது, பேஸ் எது என்று தெரியாத ஒரு கலங்கல் சத்தத்தை அரை நிமிடம் ஓடவிட்டேன். ஆடியவர்களில் பாதிப்பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். தாழ்ந்த ஒலிகளை ஒரு நேரத்தில் ஒரு டிராக்தான் சுமக்க வேண்டும்.

இனி ஒரு சொற்றொடர் முழுவதும், 124இல் அது 15 விநாடிக்குச் சற்றே கூடுதல், புதிய டிராக்கின் ஹை-ஹேட்டும் (டிரம் செட்டின் சிறு தாளத் தட்டுகள்) கைத்தட்டலும் மட்டும் பழையதன்மேல் ஏறிக் கேட்கட்டும். அது முடிவதற்கு நான்கு அடிகள் இருக்கும்போது பழையதன் பேஸை அறவே எடுத்துவிடுங்கள். அந்த நான்கு அடிகளில் அரங்கின் தரை காலடியிலிருந்து நழுவியது போல இருக்கும். அடுத்த சொற்றொடரின் முதல் அடியிலேயே புதியதன் பேஸைத் திறந்தால், ஒலியளவு சற்றும் கூடாமலேயே பாட்டு இருமடங்கு பெரிதாகக் கேட்கும். ஓர் அடி பிந்தினாலும் இந்த விளைவு கிடைக்காது.

அதன்பின் பழைய டிராக்கை நீண்ட நேரம் இழுக்காமல், அதில் குரல் ஏதும் நுழைவதற்கு முன், 16 பார்களுக்குள் ஃபேடரை இறக்கிவிடுங்கள். அது முற்றிலும் அடங்கிய பிறகு புதியதை 124இலிருந்து 126க்கு மெதுவாக ஏற்றுங்கள்.