மனனம் செய்த அகீதாவை (நம்பிக்கைக் கோட்பாடுகளை) உள்ளத்தில் ஈமானாக (உளமார்ந்த நம்பிக்கையாக) வளர்ப்பது எப்படி?

மக்தப் எனும் சிறுவர் மார்க்கப் பள்ளியில் ஓதிய எவரையும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் 'ஆமன்த்து பில்லாஹி' எனத் தொடங்கி, அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதிநாள், நன்மை தீமை பற்றிய விதி ஆகிய ஆறையும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். ஆனால் கொடுத்த கடன் திரும்பி வராத இரவில் அதே கத்ரின், அதாவது விதியின், மீதான நம்பிக்கை அவருக்குக் கை கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. குர்ஆனே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. "நாங்கள் ஈமான் கொண்டோம்" என்ற நாட்டுப்புற அரபிகளிடம், "நீங்கள் ஈமான் கொள்ளவில்லை, 'கீழ்ப்படிந்தோம்' என்று கூறுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை" என்று சொல்லுமாறு நபியவர்களுக்குக் கட்டளை வருகிறது (49:14).

இதைப் படித்ததும் மனனம் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், குழந்தைக்கு அகீதாவை முதலில் மனனம் செய்விக்க வேண்டும் என்றும், அது நெஞ்சில் விதை ஊன்றுவது போன்றது என்றும், குர்ஆன் ஓதுதலும் அதன் விளக்கமும் ஹதீஸும் வணக்கமும் நல்லோர் தோழமையுமே அதற்கு நீர் பாய்ச்சுபவை என்றும் எழுதுகிறார். அந்த நீரின் பட்டியலில் வாதம் இல்லை. வாதம் சீர்செய்வதைவிடக் குலைப்பதே அதிகம் என்று அவர் எச்சரிக்கிறார். தர்க்கக் கலையில் தேர்ந்தவராக இருந்தும் 1095ஆம் ஆண்டு பக்தாத் நிஜாமியா மத்ரஸாவின் பதவியைத் துறந்து வெளியேறியவர் அவர். நோயுற்ற மருத்துவருக்கு ஆரோக்கியத்தின் இலக்கணமும் மருந்தும் தெரியும், ஆனால் ஆரோக்கியம் அவரிடம் இல்லை என்ற அவருடைய உவமையைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டை யாரும் சொல்லி நான் அறிந்ததில்லை.

ஆகவே முதலில், ஆறையும் ஒரேயடியாகத் தூக்கிச் சுமக்காமல், ஏதேனும் ஒன்றை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அன்றாடத்தில் எந்த இடத்தில் சோதிக்கப்படுகிறது என்று பாருங்கள். அல்லாஹ்வே அர்ரஸ்ஸாக், ரிஸ்க் (வாழ்வாதாரம்) அளிப்பவன் என்று நம்பும் வியாபாரிக்கு அந்த இடம் தராசும் சரக்கும்தான். மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று விற்றவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். குறையுள்ள சரக்கை மேலே எடுத்து வைக்கக் கை முன்வரும்போதுதான், ரிஸ்க் அவனிடமிருந்தே வருகிறது என்ற சொல் உங்களுக்குள் வேர் பிடிக்கிறது. கை தயங்கினால், அந்தத் தயக்கத்தை மறைக்காமல் அன்றிரவு துஆவில் (பிரார்த்தனையில்) சொல்லிவிடுங்கள்.

அடுத்து, தொழுகையில் நீங்கள் வழமையாக ஓதும் ஒரு சூராவின் (குர்ஆன் அத்தியாயத்தின்) பொருளைச் சொல் சொல்லாகக் கற்றுக்கொள்ளுங்கள். சூரா அல்மாஊனிலிருந்து தொடங்குவது நல்லது. ஏழே வசனங்கள் கொண்ட அந்தச் சூரா, மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் யார் என்று கேட்டுவிட்டு, அநாதையை விரட்டுபவனையும் ஏழையின் உணவுக்குத் தூண்டாதவனையும் காட்டுகிறது. தொழுதுகொண்டே அதில் பராமுகமாக இருந்து, பிறர் பார்க்கத் தொழுது, அற்பப் பொருளையும் தர மறுப்பவர்களுக்குக் கேடு என்கிறது. பொருள் தெரிந்து ஓதிய பின், அண்டை வீட்டார் ஒரு பாத்திரம் இரவல் கேட்கும்போது அந்த வசனம் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஈமான் கூடுமா, குறையுமா என்ற விவாதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஹனஃபி அறிஞர்களும் ஷாஃபி அறிஞர்களும் அதை வெவ்வேறு விதமாக விளக்கியிருக்கிறார்கள். நம் ஊர்களில் இந்த இரு மத்ஹபினரும் (சட்ட மரபினரும்) ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்று தொழுகிறார்கள்.

கேள்வி எழுந்தால் அஞ்ச வேண்டாம். இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் நபி கேட்டபோது, "நீர் நம்பவில்லையா?" என்று இறைவன் வினவ, "நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறவே கேட்கிறேன்" என்றார்கள் (2:260). அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. நீங்களும் உங்கள் கேள்வியை, பொறுமையாகக் கேட்கக்கூடிய ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கொண்டு செல்லுங்கள்.

உள்ளம் வறண்டு கிடக்கும் நாட்களும் வரும். நபித்தோழர் ஹன்ழலா, உங்கள் அவையில் சொர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பது போல இருக்கிறோம், வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்ததும் பலவற்றை மறந்துவிடுகிறோம் என்று கலங்கி, தாம் நயவஞ்சகராகிவிட்டதாகவே நபியவர்களிடம் முறையிட்டார். அந்நிலையிலேயே எப்போதும் இருந்தால் வானவர்கள் உங்கள் படுக்கையிலும் வழியிலும் வந்து உங்களோடு கைகுலுக்குவார்கள், ஆனால் ஹன்ழலாவே, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனவே அப்படிப்பட்ட நாளில் ஓதும் அளவைக் கூட்டவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். நேற்று ஓதிய அதே பக்கத்தை இன்றும் எடுத்து ஓதுங்கள்.