புதுப் புத்தகம் ரேக்கில் இல்லையா?

பல்கலைக்கழக நூலகத்தின் ஓபேக்கில் (கணினியில் தேடும் புத்தகப் பட்டியலில்) 'இன் ப்ராசஸ்' என்று காட்டும் புத்தகத்துக்காக சர்குலேஷன் கவுன்டரில் நிற்காதீர்கள். நேராக டெக்னிக்கல் செக்‌ஷனில் உள்ள உதவி நூலகரிடம் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் வேலை புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும்தான். நீங்கள் தேடுவது உள்ளே, அக்சஷன் நம்பர் (நூலகப் பதிவு எண்) போட்டு, வகைப்பாட்டு எண் கொடுத்து, முதுகில் லேபிள் ஒட்டும் வரிசையில் கிடக்கும். யாராவது கேட்டால் அதை மட்டும் முதலில் முடித்துத் தருவது பல நூலகங்களில் உண்டு. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். 'ஆன் ஆர்டர்' என்றிருந்தால் இது பலிக்காது. புத்தகம் இன்னும் வந்தே சேரவில்லை, கொள்முதல் பிரிவில்தான் விசாரிக்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்திறங்கும் வாரங்களிலும் அதிகம் எதிர்பார்க்க முடியாது.