சாண எரிவாயு: கலன் கட்டுமுன் சாணத்தை எடை போடுங்கள்

சாண எரிவாயுக் கலன் பாதியில் படுத்துப்போவதற்கு முக்கியக் காரணம், இருக்கிற சாணத்துக்கு மீறிப் பெரிதாகக் கட்டிவிடுவது. கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு வாரம் தினமும் சாணத்தை அள்ளி எடை போடுங்கள். கட்டுத்தறியிலேயே நிற்கும் மாடு நாளைக்குப் பத்து கிலோ போடும். கண்மாயில் மேய்ந்துவிட்டு வரும் மாடென்றால் பாதிதான் கைக்கு வரும். ஜல்லிக்கட்டுக் காளை நின்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காவது செலவுக்கு ஒரு வரவு!

ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். தினம் 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு (இதைத்தான் 2 கன மீட்டர் கலன் என்பார்கள்) நாளொன்றுக்கு 50 கிலோ வேண்டும், 1 கன மீட்டருக்கு 25. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சிறியதையே கட்டுங்கள். 2 கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.9 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். நாலைந்து பேர் சமையலுக்குக் காணும்.

இடம் வெயில் விழுவதாக, அடுப்படிக்குப் பக்கமாக, கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். புளி, வேம்பு அருகில் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தீனபந்து என்பது நிலத்துக்குள் செங்கல் குவிமாடமாகக் கட்டும் மாதிரி; அந்தக் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலே வாயு தங்காது. அங்கே, வாயு சேரச் சேர மேலெழும் டிரம்மை மூடியாகக் கொண்ட மிதக்கும் டிரம் மாதிரிதான் பாதுகாப்பு.

2 கன மீட்டர் கலனில் முதலில் 2 டன் சாணமும் 2,000 லிட்டர் தண்ணீரும் நிரப்புங்கள். ஓடுகிற கலனிலிருந்து சில குடம் கரைசல் கிடைத்தால் ஊற்றுங்கள், சீக்கிரம் பிடிக்கும். வாயு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதலில் வருவது எரியாது. திறந்து வெளியே விடுங்கள். கலனருகே தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது.

அப்புறம் தினமும் கலனின் கலவைத் தொட்டியில் சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி, தோசைமாவுப் பதத்தில் கரையுங்கள். கட்டியைக் கையால் உடைத்து, கூளத்தைப் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் விடுங்கள். மணல் தொட்டியடியில் படியும். அதன் பிறகே அடைப்பைத் திறக்க வேண்டும். பினாயில் கழுவிய தண்ணீரும், ஊசி போட்ட மாட்டுச் சாணமும் உள்ளே போனால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். கோமியம் கொஞ்சம் போகலாம், மிஞ்சினால் அதுவும் கெடுதல்.

சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் நீர் வடிப்பான் வையுங்கள். மிதக்கும் டிரம் கலனில் வாயு குறைந்தால் டிரம்மைத் திருகிவிடுங்கள். மேலே படிந்த ஏடு உடையும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகக் காட்டும். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குச் சிறியது, சாண எரிவாயு அடுப்புதான் வாங்க வேண்டும். பழுது பார்க்கக் காலி செய்த கலனானாலும், நன்றாகக் காற்றோட்டம் விடாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.

வெளியேறும் கரைசலை வெயிலில் காயப்போட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். ஈரத்தோடு பாசனத் தண்ணீரில் கலந்து மல்லிகைக்கும் வாழைக்கும் விடுங்கள்.