இரவில் கால் மணி நேரம்: ஆன்ம சோதனை செய்யும் முறை

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது, முன்னால் இன்னும் மூன்று பேர்தான் என்ற பதற்றத்தில் பாவங்களை அவசரமாக எண்ணிப் பார்ப்பதையே நம்மில் பலர் ஆன்ம சோதனை என்று பழகியிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் கேள்விகளாக மாற்றிச் சொல்லித்தந்த முறை அது. அந்த முறைக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. தென் தமிழகக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1580-இலேயே பாவசங்கீர்த்தனத்துக்கென ஒரு தமிழ்க் கையேட்டை அச்சேற்றினார். ஆனால் அவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் நிறுவனரான புனித இஞ்ஞாசியார் நாள்தோறும் செய்யச் சொன்ன ஆன்ம சோதனை சற்று வேறானது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற அவருடைய நூலில் அதற்கு ஐந்து படிகள் தரப்பட்டுள்ளன. முதற்படி நன்றி, நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் செய்வதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

படுக்கையில் படுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். இரவு உணவு முடிந்து பாத்திரங்களை ஒதுக்கியபின், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சிலுவை அடையாளம் வரைந்தால் போதும்.

நன்றியைப் பொதுவாகச் சொல்லக்கூடாது. "இந்த நாளுக்காக நன்றி ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் மனம் எதையும் தொடுவதில்லை. மாறாக, நெரிசலான பேருந்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா உங்கள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டதை, நான்கு மணிக்கு யாரோ கேட்காமலேயே தேநீர் கொண்டுவந்து வைத்ததை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அவை ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லுங்கள். நாள் முழுவதும் கசப்பாகவே போனது என்று நினைத்துக்கொண்டு உட்காரும் இரவுகளில்கூட மூன்று நான்கு காரியங்கள் எனக்குக் கிடைக்காமல் போனதில்லை. அதன்பின் தூய ஆவியாரிடம் ஒளி கேட்க வேண்டும். அதற்கு ஒரு வரி செபம் போதும்.

மூன்றாவது படியில், கண்விழித்த நேரத்திலிருந்து இப்போதுவரை அன்றைய நாளை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்: முதலில் எண்ணம், பிறகு சொல், பிறகு செயல். ஒருநாள் காலை, எரிவாயு உருளையை மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்தவரிடம், ஏன் நேற்றே வரவில்லை என்று நான் கடுகடுத்தேன். அவர் பதில் பேசாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பகல் முழுவதும் அது என் நினைவில் இல்லை. இரவில்தான் அந்தத் துண்டு கண்முன் வந்தது. இப்படி ஒரு காட்சி வந்து நின்றால், அடுத்ததற்கு ஓடாமல், அந்த எரிச்சல் எங்கிருந்து கிளம்பியது என்று ஆண்டவரிடமே கேளுங்கள். என் விஷயத்தில் அது முந்தைய இரவு வீட்டில் நடந்த வாக்குவாதத்தின் மிச்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாவமல்லாததையும் பாவமாக எண்ணி எண்ணி மருகுவது ஆன்ம சோதனை ஆகாது. இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்த 1522-ஆம் ஆண்டில் இத்தகைய மனக்குழப்பத்தில் சிக்கி மிகவும் வாடினார். அத்தகைய மனப்போக்கு உள்ளவர்கள் இந்தப் படியைச் சுருக்கிக்கொண்டு, ஆன்ம குருவிடம் பேசுவது நல்லது.

நான்காவது, மன்னிப்பு. பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை வாயால் ஒப்பிப்பதைவிட, கண்ட அந்த ஒரு காட்சிக்காக வருந்திச் சொல்லுங்கள். சாவான பாவம், அதாவது இறையுறவையே முறிக்கும் கனமான பாவம், இருந்தால் இந்தக் கால் மணி நேரம் அதற்கு ஈடாகாது. ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, தேடிச் செல்ல வேண்டும். ஐந்தாவது, நாளைக்கான ஒரு தீர்மானம். "இனிக் கோபப்படமாட்டேன்" என்பது தீர்மானமே அல்ல. "அடுத்தமுறை அவர் வரும்போது முதலில் தண்ணீர் கொடுப்பேன்" என்பதுதான் தீர்மானம்.

மீண்டும் மீண்டும் ஒரே குறையில் விழுகிறவர்களுக்கு இஞ்ஞாசியார் தனியாக இன்னொரு பயிற்சியும் தருகிறார். காலையில் எழும்போதே அந்த ஒரு குறையை விலக்கத் தீர்மானித்து, பகலில் விழும் ஒவ்வொரு முறையும் கையை நெஞ்சில் வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவிலும் யாரும் கவனியாதபடி இதைச் செய்யலாம் என்று அவரே குறிப்பிடுகிறார். மதிய உணவுக்குப்பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப்பின் ஒருமுறையும், விழுந்த எண்ணிக்கையை ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள் வீதம் புள்ளிகளாக இட்டு, மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும், நேற்றையும் இன்றையும், சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். நான் இதற்குப் பால் கணக்கு எழுதும் நாட்காட்டியைப் பயன்படுத்துகிறேன். அவை என்ன புள்ளிகள் என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இறுதியில் கர்த்தர் கற்பித்த செபம். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினாலும், விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கினாலும், மற்றவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் வரியில் மட்டும் ஒரு மூச்சு நேரம் நின்று, அன்று யார்மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ அவருடைய பெயரை மனத்துக்குள் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லி முடித்து விளக்கை அணைக்கலாம்.