புற்றுநோய் கண்ணுக்குப் பரவியிருக்கிறதா? கவனிப்பதும் அடுத்துச் செய்வதும்

மார்பகப் புற்றுநோய்க்கோ நுரையீரல் புற்றுநோய்க்கோ சிகிச்சை எடுத்தவர்கள், பார்வை மங்கினால் "வயசாகுது, கண்ணாடி மாத்தணும்" என்று தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்குப் பரவும் புற்று பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலத்தில் ரத்த ஓட்டம் மிக அதிகம். ரத்தத்தில் வரும் புற்றணுக்கள் அங்கே தங்கி வளர்கின்றன. பலருக்கு வலியே இருக்காது.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை தனித்தனியாகப் பாருங்கள். 10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. இடைவெளிக் கோடுகளும் நடுவில் ஒரு புள்ளியும் உள்ள ஆம்ஸ்லர் கட்டம் போதும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைச் சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். (அழுத்தினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கலாகவே தெரியும், அடுத்து அதைச் சோதிக்கும்போது ஏமாற்றும்.) கோடு நெளிந்தாலோ கட்டங்கள் மறைந்தாலோ அந்த இடத்தைத் தாளிலேயே குறித்துத் தேதி போடுங்கள்.

இந்தக் கட்டம் நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கும். ஓரத்தில் திரை விழுந்ததுபோல் நிழல், மின்னல் வெட்டு, திடீரென மிதக்கும் புள்ளிகள் தெரிந்தால், கட்டம் சரியாக இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

அங்கே முதல் வார்த்தையே "எனக்குப் புற்றுநோய் இருந்தது" என்பதாக இருக்கட்டும், பத்து வருடம் ஆகியிருந்தாலும். கட்டியும் விழித்திரைக்கு அடியில் தேங்கும் நீரும் விழித்திரையை முன்னால் தள்ளுவதால் கண்ணாடிப் பவர் பிளஸ் பக்கம் நகரும். புதுக் கண்ணாடியில் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் விஷயம் அதோடு மூடப்பட்டுவிடும். ஒரே கண்ணில் பவர் மாறியிருந்தால் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்து, இரண்டு கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில மணி நேரம் மங்கும். வண்டி ஓட்ட வேண்டாம்.

உள்ளே வெளிர்மஞ்சள் மேடு தெரிந்தால் ஓசிடி (ஒளியால் விழித்திரை அடுக்குகளைப் படமெடுப்பது), பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுப்பார்கள். கண்ணில் இருந்தால் வேறிடங்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பதைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கீமோ, ஹார்மோன் மாத்திரை, டார்கெட்டட் மருந்து (புற்றணுக்களைக் குறிவைப்பது) ஆகியவற்றுக்கே சில கட்டிகள் சுருங்கும். பார்வை வேகமாகக் குறைந்தால் கதிர்வீச்சு சிகிச்சை: 10 தவணையில் மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது பரவலாகத் தரும் அளவு. சிகிச்சை முடிந்ததும் பார்வை உடனே திரும்பாது; நீர் வற்ற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கதிர்வீச்சால் கண் வறட்சி விரைவிலேயே வரலாம். கண்புரையும் விழித்திரை ரத்தக்குழாய்ப் பாதிப்பும் மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், பார்வை நன்றாக இருந்தாலும் அடுத்த பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மற்றக் கண்ணுக்கும் வாரக் கட்டச் சோதனை தொடரட்டும்.