வைட்டமின் சி அதிக டோஸ்: மாத்திரையா, டிரிப்ஸா என்று முதலில் கேளுங்கள்

மருந்தகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், அதிக டோஸ் வைட்டமின் சி நோய்க்குப் பலன் தருமா என்ற விவாதத்தில் சீக்கிரமே இறங்கிவிடுகிறார்கள். அந்த வயதில் நாங்கள் உளறியதையேதான் அவர்களும் உளறுகிறார்கள். மிட்டாய் மாதிரி மாத்திரையை மெல்லாதே என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். அவர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

மாத்திரையையும் டிரிப்ஸையும் ஒன்றாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். புற்றுநோயாளி ஒருவரின் மகனிடம், தினம் 10 கிராம் மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று ஒரு பயிற்சி மருந்தாளுநர் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஆதாரமாக ஓர் ஆய்வுக் கட்டுரை. வாங்கிப் புரட்டினால், அதில் நோயாளிகளுக்கு மருந்தை டிரிப்ஸில் ஏற்றியிருக்கிறார்கள்! தம்பி கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

வாய்வழி டோஸ் கூடக் கூட, குடல் உறிஞ்சும் பங்கு குறையும். உறிஞ்சியதிலும் உபரியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தினம் 400 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்த அளவு பெரிதாக ஏறாது. குடலில் தங்கியது வயிற்றுப்போக்காகும். டிரிப்ஸுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. மாத்திரையால் எட்டவே முடியாத அளவுக்கு ரத்தத்தில் ஏறும்.

புற்றுநோய்க்கு வைட்டமின் சி உதவுமா என்ற பழைய சண்டை இழுபறியானதற்கும் இது ஒரு காரணம். 1976இல் பலன் உண்டு என்று எழுதிய மருத்துவர் கேமரனும் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் முதலில் டிரிப்ஸ், அப்புறம் வாய்வழி என்று கொடுத்தவர்கள். 1979, 1985 ஆண்டுகளில் பலனில்லை என்று சொன்ன அமெரிக்க மருத்துவமனை மேயோ கிளினிக் வாய்வழியாக மட்டுமே கொடுத்தது. பாலிங் தரப்பு ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடவில்லை என்பது தனிக் குறை.

சரி, டிரிப்ஸ் என்றால் நல்லதா? அதுவும் இல்லை. 2022இல் வெளியான லோவிட் ஆய்வில், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளுக்கு வைட்டமின் சி ஏற்றியபோது மரணமோ நீடித்த உறுப்புச் செயலிழப்போ கூடுதலாகத்தான் இருந்தது.

சளி பிடித்தபின் விழுங்குவது

பெரிதாகப் பலனில்லை. தினமும் எடுத்து வரும் பெரியவர்களுக்கே சளி நீடிக்கும் காலம் 8 சதவீதம்தான் குறைகிறது.

ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவருக்குக் கிராம் கணக்கில் கொடுப்பது

வேண்டாம்.

ஜி6பிடி குறைபாடு பார்க்காமல் ஏற்றுவது

கூடவே கூடாது. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் நொதி; அது குறைந்தவருக்கு ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும்.

குளுக்கோமீட்டரை நம்புவது

அதிக டோஸ் டிரிப்ஸுக்குப் பிறகு சில மீட்டர்கள் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.